சின்னம்மா விட்டுக்கொடுக்க மாட்டார்

எங்கள் சின்னம்மாவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கட்டியிருக்கிற சேலை நன்றாக இருக்கிறதே என்று வாய் தவறிச் சொன்னால் போதும், மறுநாள் அது துவைத்து மடித்து உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். குழம்பு வாசனை தூக்குகிறதே என்றால் சட்டியோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, தான் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொள்வார். அப்படிப்பட்ட மனுசி, டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையில் ரிமோட்டைப் பிடித்துவிட்டால் போச்சு. எதிரில் இருப்பவர் சொந்தக்காரரா, பெரிய மனிதரா, நோயாளியா என்றெல்லாம் பார்க்க மாட்டார். அடித்து நொறுக்கிவிடுவார்.

ரிமோட் என்று அவர் சொல்வது கேம் ஆடுகிற ஜாய்ஸ்டிக்கை. அது ரிமோட் இல்லை என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "டி.வி.க்கு முன்னாடி ஒக்காந்து அமுக்குறதெல்லாம் ரிமோட்டுதான். நீ ஆட வாரியா, இல்ல பேரு வைக்க வாரியா?" என்பார். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது?

சின்னம்மா என்றால் என் அப்பாவுடைய தம்பியின் மனைவி. கீரனூரில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. நடுவில் ஒரு முருங்கை மரம், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணிக்கொடி. சித்தப்பா குவைத்தில் வேலை பார்த்தார். இப்போது சின்னம்மாவும் அங்கேதான் இருக்கிறார். சித்தப்பா கூட்டிக்கொண்டு போய் வருசங்கள் ஆகிவிட்டன. போகும்போது பாத்திரம் பண்டமெல்லாம் எங்கள் வீட்டில் போட்டுவிட்டு, அந்த கேம் பெட்டியை மட்டும் சேலைகளுக்கு நடுவில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார். விமான நிலையத்தில் பிரித்துக் காட்டச் சொல்வார்களே என்றேன். "காட்டுவம். ஆடத் தெரிஞ்சவுக யாராச்சும் இருந்தா ஒரு ஆட்டம் போடுவம்" என்றார். செய்யக்கூடிய ஆள்தான்.

அந்தப் பெட்டியை சித்தப்பா வாங்கி வந்தது தனக்காக. லீவில் வந்தால் பொழுது போக வேண்டாமா என்று குவைத்திலிருந்து தூக்கி வந்தார். லீவு முடிந்து திரும்பும்போது, "கவர் போட்டு வச்சுரு, தூசி படக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னம்மா கவர் போட்டார். பிறகு கவருக்குள் தூசி போயிருக்குமோ என்று சந்தேகம் வந்து எடுத்தார். துடைக்கும்போது எங்கேயோ கை பட்டு டி.வி.யில் ஒரு கால்பந்து மைதானமே கத்தியது. பெட்டியை உடைத்துவிட்டோம் என்று பயந்துபோய், முருங்கை மரத்தடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தபோது இரண்டு பக்கமும் பதினோரு பேர் நின்றுகொண்டு, யாராவது எதையாவது அழுத்த மாட்டார்களா என்று காத்திருந்தார்கள். அன்றைக்கு அழுத்த ஆரம்பித்தவர்தான்.

அடுத்த லீவுக்கு சித்தப்பா வந்தார். குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஆசையாக ரிமோட்டை எடுத்தார். சின்னம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவிக்குச் சும்மா விளையாட்டுக் காட்டுவோம் என்று நினைத்த சித்தப்பா அன்றைக்கு ஒரு கோல்கூடப் போடவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த புருசனுக்கு ஒரு கோல் கொடுத்தால்தான் என்ன என்று என் அம்மா கேட்டார். சின்னம்மா சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அக்கா, விட்டுக் குடுத்தா நான் அவுககூட வெளையாடலைன்னு அர்த்தம். அவுகளத் தடவிக் குடுக்குறேன்னு அர்த்தம். அவுக என்ன கன்னுக்குட்டியா?"

சித்தப்பாவுக்கு இதில் வருத்தமே இல்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்து, "எம் பொண்டாட்டிகிட்ட தோக்குறதுக்குன்னே ரெண்டு வருசமாக் காத்துக்கிட்டு இருந்தேன்யா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கட்டினால் இப்படி ஒரு மனுசனைக் கட்ட வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

ஆட்டத்தில் அவருக்கென்று சில பழக்கங்கள் உண்டு. ஆட்டக்காரர்களின் பெயர் டி.வி.யில் கொட்டை எழுத்தில் வரும். சின்னம்மா ப்ளஸ் டூ வரை படித்தவர், வாசிக்கத் தெரியாமலில்லை. ஆனாலும் அவருக்கு அவர்கள் மொட்டையன், சடைக்காரன், நெட்டையன், பல்லுக்காரன்தான். "சடைக்காரா, ஓடு, ஓடு, ஏண்டா நிக்கிற, சோறு திங்கலையா?" என்று அதட்டுவார். பெட்டி சூடாகிவிடும் என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். டிஸ்க்கைத் துடைக்க சித்தப்பாவின் பழைய பனியன் ஒன்றைத் தனியாக வைத்திருந்தார். அதைக் கைப்பிடித் துணியாக எடுத்ததற்கு ஒருமுறை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

கோல் போட்டால் மற்றவர்களைப் போலக் குதிக்க மாட்டார். "ம்" என்பார். முந்தானையைச் சரிசெய்துகொள்வார். எதிராளி முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும் உள்ளே போய் முறுக்கோ அதிரசமோ ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து தோற்றவர் கையில் முதலில் கொடுப்பார். அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். கேபிள் சரிபண்ண வந்த ஆள் ஒருவர் ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து செம அடி வாங்கி, முறுக்கைத் தின்றுவிட்டுப் போனார். அப்புறம் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கேபிள் கெடாமலேயே அடிக்கடி வந்து, "லைன் எப்படி இருக்குக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஆட்டத்தை நடுவில் நிறுத்துவதற்கும் அவரிடம் ஒரு சட்டம். பந்து எதிராளி காலில் இருக்கும்போது நிறுத்தக் கூடாது. அது அநியாயமாம். ஒரு காலை நேரம், அடுப்பில் பால். என் அம்மா கொடியடியிலிருந்து, "ஏத்தா, பால் பொங்குது!" என்று கத்துகிறார். "பந்து வெளிய போகட்டும்க்கா" என்று உள்ளிருந்து பதில். பந்து வெளியே போவதற்கு முன்னால் பால் வெளியே போய்விட்டது. அம்மா ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்கப் புலம்பித் தீர்த்தார். ஓரகத்திகள் இருவருக்கும் அதைத் தவிர வேறு சண்டையே கிடையாது. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

எனக்கு ஒருமுறை டைபாய்டு காய்ச்சல். பள்ளிக்கூடம் போகாமல் பாயும் படுக்கையுமாகக் கிடந்தேன். சின்னம்மா கஞ்சி கொண்டுவந்தார். சும்மா படுத்தே கிடக்கிறாயே என்று தூக்கி உட்கார வைத்து, அவர் வீட்டுக்கு அணைத்துக் கூட்டிப்போய் ரிமோட்டைக் கொடுத்தார். காய்ச்சல்காரப் பிள்ளை என்று கொஞ்சம் கருணை காட்டுவார் என்று நினைத்தேன். காட்டவில்லை. நான் அழுதுவிட்டேன். அம்மா வந்து, "கல்நெஞ்சக்காரி, சொகமில்லாத பிள்ளைகிட்டயாடி ஓன் வீரத்தக் காட்டுற?" என்று ஏசினார்.

"காய்ச்சல் ஒடம்புக்குத்தானக்கா? கைக்கு என்ன?" என்றார் சின்னம்மா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாள் நானாகவே எழுந்து நடந்து போய் எதிரில் உட்கார்ந்தேன். மறுபடியும் தோற்றேன். அதற்கடுத்த நாளும் போனேன். டாக்டர் வந்து பார்த்தபோது, பிள்ளை தெளிவாகத்தானே இருக்கிறது, யார் படுக்கச் சொன்னது என்று கேட்டார்.

இனி சொல்லப்போகும் விஷயத்துக்கு அந்த ரிமோட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவை இரண்டு. இரண்டும் கறுப்பு, பார்த்தால் அச்சு அசல் ஒன்றுதான். அதில் ஒன்று பழுது. கட்டைவிரலால் தள்ளுகிற குமிழ் தேய்ந்துபோய், கையை எடுத்தாலும் ஆட்டக்காரன் தானாக இடதுபக்கம் நடந்துகொண்டே இருப்பான். அந்தப் பழுதானதை சின்னம்மா தனக்கென்று வைத்துக்கொண்டார். அடையாளத்துக்கு ஒரு சிவப்பு ரப்பர் பேண்டைச் சுற்றியிருந்தார். "வந்தவுகளுக்கு ஓட்டத் தட்டுலயா சோறு போடுவாக?" என்பார். இடதுபக்கம் இழுக்க இழுக்க, அவர் கட்டைவிரல் எந்நேரமும் அதை வலதுபக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டே ஆடும். வருசக்கணக்கில் ஆடி அது அவர் கைக்குப் பழகிப்போனது. இது எனக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும். என் அம்மாவுக்குத் தெரியாது. ரப்பர் பேண்டு போட்ட ரிமோட்டில்தான் ஏதோ விசேசம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் இவள் எல்லாரையும் ஜெயிக்கிறாள் என்று அம்மா மனதுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தார்.

என்னைப் பெண் பார்க்க அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். அப்போது நான் திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பில்லிங் செக்‌ஷனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். மாப்பிள்ளைக்கும் திருச்சியில்தான் வேலை. எங்கள் வீட்டுக் கூடத்தில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்ததால் வந்தவர்களை சின்னம்மா வீட்டில் உட்கார வைத்தோம். மாப்பிள்ளை, அவர் அப்பா, அவர் அம்மா, மூன்று பேர்தான். அப்பா கணீரென்று பேசுகிறவர். அவர் பேசும்போது அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாதபோதும் பேசவில்லை.

பிள்ளைகள் தனியாகப் பேசட்டும் என்று எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கீழே டி.வி.க்கு அடியில் கேம் பெட்டியைப் பார்த்தேனே, யார் ஆடுவது என்று அவர் கேட்டார்.

"சின்னம்மா ஆடுவாங்க. நான் தோப்பேன்" என்றேன்.

"எனக்கும் அதுதாங்க நல்லா வரும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், பிடித்துவிட்டது. படி இறங்கி வரும்போதே அம்மா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். பெற்றவள் இல்லையா?

கீழே மாப்பிள்ளையின் அப்பாவும் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டார். "அட, எம் மகன் இதுல பெரிய கெட்டிக்காரன்ல! காலேஜ்ல அவன அடிக்க ஆளே கெடையாது. யாரு இங்கிட்டு ஆடுறது? ஒரு ஆட்டம் வைங்க, பாப்பம்" என்றார். என் அப்பா பாவம், விவரம் புரியாமல் சின்னம்மாவைக் கை காட்டிவிட்டார். "பொம்பளையா ஆடுறது?" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளை சங்கடப்பட்டு, "வேணாம்ப்பா" என்றார். "சும்மா ஆடுடா" என்றார் அப்பா.

அம்மா சின்னம்மாவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் அங்கேதான் நின்றேன்.

"ஏத்தா, ஒன் காலுல வேணா விழுறேன். இன்னிக்கு ஒரு நாளு தோத்துக் குடுத்துரு. நல்ல எடம். அவளுக்கும் புடிச்சிருக்கு, மூஞ்சியப் பாரு. அந்த மனுசன் பெருமை பேசுறவரு, மகன் தோத்தா முறிச்சுக்கிட்டுப் போயிருவாரு."

சின்னம்மா என்னைப் பார்த்தார். என் முகம் கெஞ்சியிருக்கும். "அக்கா, வேற என்ன வேணாலும் கேளுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, கேசரியைத் தட்டில் எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

இனி இவளை நம்பிப் பிரயோசனமில்லை என்று அம்மா முந்திக்கொண்டார். கூடத்துக்குப் போய், டி.வி. மேசையைத் துடைப்பது போலத் துடைத்து, அந்தச் சிவப்பு ரப்பர் பேண்டைக் கழற்றி மற்ற ரிமோட்டில் மாட்டிவிட்டார். பேண்டைப் பார்த்து சின்னம்மா அதை எடுத்துக்கொள்வார், மாப்பிள்ளை கையில் விசேசமான ரிமோட்டைக் கொடுத்தாகிவிட்டது என்று அவருக்குத் திருப்தி. உண்மையில் அவர் கொடுத்தது பழுதானதை.

ஆட்டம் ஆரம்பித்தது. நான் கதவுக்குப் பின்னால் பட்டுச்சேலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை எந்த ஆளைப் பிடித்தாலும் அவன் இடதுபக்கமாகவே நழுவினான். சின்னம்மாவின் ஆட்களோ வலதுபக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். நல்ல குமிழை அவர் கட்டைவிரல் பழைய பழக்கத்தில் வலதுபக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. நடுவில் பந்து அநாதையாகக் கிடந்தது. சடைக்காரன் பந்தை விட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே போனான். "டேய், எங்கடா போற?" என்று சின்னம்மா அலறினார். மாப்பிள்ளை ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் பெண் பார்க்க வந்த வீட்டில் உங்கள் சாமான் சரியில்லை என்று யாராவது சொல்வார்களா? வாயை மூடிக்கொண்டு ஆடினார்.

"என்னடா இது, பந்து வெளையாட்டா, கண்ணாமூச்சியா?" என்றார் அவர் அப்பா.

சின்னம்மாவின் கோல் இருந்தது இடதுபக்கம். அவர் ஆட்கள் எல்லாம் வலதுபக்கம் ஓடிவிட, மாப்பிள்ளையின் ஆள் ஒருவன் நழுவி நழுவி அந்தக் காலிக் கோலுக்கு முன்னால் போய் நின்றான். யார் உதைத்த பந்தோ அவன் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அப்படியே நேரமும் முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா தொடையில் தட்டி, "பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல!" என்றார். என் அம்மா முகம் பூரித்துவிட்டது. கேசரித் தட்டோடு மாப்பிள்ளையிடம் ஓடினார். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. அப்பாடா, முடிந்தது, நல்லபடியாக முடிந்தது.

சின்னம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. ரிமோட்டைப் புரட்டினார். குமிழைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். பிறகு நிமிர்ந்து என் அம்மாவைப் பார்த்தார். சின்னம்மா, வாயைத் திறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று நான் கதவிடுக்கில் நின்று வேண்டாத தெய்வமில்லை.

"தம்பி, இந்த ஆட்டம் செல்லாது" என்றார் சின்னம்மா. "ஒங்க கையில இருக்கறது பழுது. இடதுபக்கம் இழுக்கும். அது என்னோடது. தூசி தட்டறப்ப நான்தான் ரப்பர் பேண்ட மாத்திப் போட்டுட்டேன் போல. மன்னிச்சுக்கங்க. இந்தாங்க, இதப் புடிங்க. மொதல்லேர்ந்து ஆடுவம்."

அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆட்டத்தையும் விடவில்லை.

"அதெல்லாம் எதுக்குங்க? ஜெயிச்சது ஜெயிச்சதுதான்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. மாப்பிள்ளை அதற்குள் கையை நீட்டி ரிமோட்டை மாற்றிக்கொண்டார். "ஆமா அத்தை, எனக்கும் என்னமோ இழுத்துச்சு. வாங்க, ஆடுவோம்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. சின்னம்மா பழுதான ரிமோட்டைப் பிடித்ததும் சடைக்காரனுக்குப் புத்தி வந்துவிட்டது. முதல் கோல் விழுந்தபோது மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்ததில் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். அதற்கடுத்ததில் வாய்விட்டுச் சிரித்தார். சின்னம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்று முந்தானையைச் சரிசெய்தார். முடிந்தபோது மாப்பிள்ளை கணக்கில் ஒன்றுமே இல்லை. "அத்தை, அந்த மூலையிலேர்ந்து எப்படிப் பந்த வளைச்சீங்க? இன்னொரு தடவ காட்டுங்க" என்றார்.

"எந்திரிடா. நேரமாச்சு" என்றார் அவர் அப்பா. முகம் கடுகடுவென்று இருந்தது. சின்னம்மா வழக்கம்போல் முறுக்கை எடுத்து வந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அவர் கடித்துக்கொண்டே காருக்குப் போனார். கலந்து பேசிவிட்டு போன் பண்ணுகிறோம் என்று அவர் அப்பா சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது, பண்ண மாட்டார் என்று. அந்த அம்மா மட்டும் கார் கதவருகே நின்று, திரும்பி சின்னம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார்.

எங்கள் வீடு இழவு வீடு போல ஆனது. அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அவர் பனியன் துணியால் டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு ஆட்டந்தானே சின்னம்மா! எனக்காக விட்டுக் குடுக்கக் கூடாதா? ஒங்களுக்கு ஜெயிக்கிறதுதான் முக்கியமாப் போச்சா? நல்லா இருங்க!"

அவர் டிஸ்க்கை உறையில் போட்டார். கோபப்படவில்லை.

"உக்காரு."

"உக்கார மாட்டேன்."

"சரி, நின்னுக்கிட்டே கேளு. இன்னிக்கு நான் தோத்துக் குடுத்து, அதுக்காக அவுக ஒன்னக் கட்டிக்கிட்டுப் போனா, நாளையிலேர்ந்து நீ தோத்துக் குடுக்கணும்டி. நான் ஒரு நாளோட எந்திரிச்சு வந்துருவேன். ஒனக்கு அது காலத்துக்கும். வேணுமா?"

ஆனாலும் எனக்குக் கோபம் போகவில்லை. கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் முருங்கை மரத்தடியில் ஒரு தட்டில் முறுக்கு மூடி வைத்திருந்தது. நான் தொடவில்லை. அம்மா எடுத்துத் தின்றார்.

போன் வரவில்லை. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எனக்கும் அதுதாங்க நல்லா வரும் என்று அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அம்மா, சின்னம்மா, நான் மூவரும் துணிக்கொடியடியில் நிற்கும்போது அம்மாவின் செல்போன் அடித்தது. பேசியது மாப்பிள்ளையின் அந்தப் பேசாத அம்மா. என் அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க வீட்டுல அவுகளுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தந்தான். அது சரியாயிரும், நான் பேசிட்டேன். எங்களுக்குச் சம்மதம்" என்றார். பிறகு, "அந்தத் தங்கச்சி பக்கத்துல இருக்காகளா?" என்று கேட்டார்.

"இருக்கேங்க" என்றார் சின்னம்மா.

"ஒங்ககிட்டத்தான் சொல்லணும்னு நெனச்சேன். எங்க வீட்டுல கேரம் போர்டு ஒண்ணு கெடக்கு. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான் அவுககூட ஆடுறேன். செகப்புக் காயி குழி வாசல்லயே நிக்கும். நான் வேணும்னே வேற பக்கம் தட்டி விட்டுருவேன். தோத்தா அவுக அன்னிக்குச் சாப்பிட மாட்டாக, அதனால. இன்னிக்கு வரைக்கும் அவுகளுக்குத் தெரியாது. எம் மகன் தோத்துட்டு ஒங்க முறுக்கத் தின்னுக்கிட்டுச் சிரிச்சான் பாருங்க, அதப் பாத்துட்டு கார்ல வாரப்ப எனக்கு அழுகை வந்துருச்சுங்க. நல்ல பிள்ளையாத்தான் வளந்திருக்கான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

சின்னம்மா கொடியில் கிடந்த ஈரத்துணியை எடுத்து மறுபடி உதறி அதே கொடியில் போட்டார். அம்மா சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணம் குடுமியான்மலைக் கோயிலில் நடந்தது. மறுவீட்டு விருந்து சின்னம்மா வீட்டில். ஆட்டுக்கறிக் குழம்பைத் தின்ற களைப்பில் ஆண்கள் எல்லாரும் மாடியறையில் போய்ச் சாய்ந்துவிட்டார்கள். கீழே நாங்கள் பெண்கள் மட்டும் இருந்தோம். என் மாமியார் டி.வி. பக்கத்தில் போய் அந்தப் பெட்டியைத் தொட்டும் தொடாமலும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சம்பந்தி, எனக்கும் ஒண்ணு குடுங்களேன்" என்றார்.

சின்னம்மா நல்ல ரிமோட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். எதை அழுத்தினால் ஓடுவான், எதை அழுத்தினால் உதைப்பான் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மாமியாருக்குப் பிடிபடுகிற வரைக்கும் சும்மாவே காத்திருந்தார். பிடிபட்டது என்று தெரிந்ததும் அடிக்க ஆரம்பித்தார், பாருங்கள்! கல்யாணமாகி முதல் விருந்துக்கு வந்த சம்பந்தி என்றுகூடப் பார்க்கவில்லை. என் அம்மா எனக்குப் பின்னால் நின்று முனகினார்.

"போதுமா சம்பந்தி?" என்று கேட்டார் சின்னம்மா.

"இன்னொண்ணு வைங்க" என்றார் மாமியார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அது முடிந்ததும் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. உதட்டைக் கடித்துக்கொண்டு, "டேய், டேய், விடாத, விடாத" என்று அவர் கத்திய சத்தத்தில் முருங்கை மரத்துக் காக்கை பறந்துபோனது. அவர் இவ்வளவு சத்தமாகப் பேசுவார் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் ஒரு கோல் விழுந்தது. மாமியார் போட்டது. அவர் குதிக்கவில்லை, சிரிக்கவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, சின்னம்மாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"நெசமாச் சொல்லுங்க. விட்டுக் குடுத்தீகளா?"

"நீங்க வேற, எனக்கு வயிறு எரியுது!" என்று சின்னம்மா சீறினார். "அந்த நெட்டப்பய எங்கிட்டுப் போய்த் தொலைஞ்சான்னே தெரியல. இன்னொண்ணு ஆடுங்க. பாத்துக்கறேன்."

என் மாமியார் அப்போதுதான் சிரித்தார். எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு மாடிப்படி வரைக்கும் நடந்து போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து, "ஏங்க! எந்திரிச்சு வாங்க. ஊருக்குக் கெளம்புவம்" என்றார்.

"இப்பத்தான படுத்தேன். என்ன அவசரம்?" என்று மாமனாரின் குரல் தூக்கத்தோடு வந்தது.

"கேரம் ஆடணும். இந்தத் தடவ நானும் ஆடப்போறேன்" என்றார்.